அமெரிக்க ஹைஸ்கூல் தடகளம்: தகுதி நீக்கத்தை எதிர்த்து முறையிடுவது எப்படி?

அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பிள்ளையை ஹைஸ்கூல் டிராக் டீமில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளை ஆசையாக ஓடிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று ஒரு நாள் ‘டிஸ்குவாலிஃபைட்’ என்கிறார்கள். அல்லது ‘இந்த சீசன் வர்சிட்டியில் (பள்ளியின் முதன்மை அணியில்) ஓட முடியாது’ என்று பள்ளியிலிருந்து ஈமெயில் வருகிறது. யாரிடம் கேட்பது, எத்தனை நாளுக்குள் கேட்பது, என்ன காகிதம் வேண்டும் என்று நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. எங்கள் வீட்டில் இது நடந்தபோது ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக் கேட்டுத்தான் வழியைக் கண்டுபிடித்தோம். அதற்குள் சீசனில் பாதி போய்விட்டது. உங்களுக்கு அந்த நாட்கள் வீணாகக் கூடாது.

## 1. எந்த வகை முடிவு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

முடிவுகள் இரண்டு வகை. ஒன்று, மீட் (தடகளப் போட்டி) நாளன்று மைதானத்தில் எடுப்பது: ஃபால்ஸ் ஸ்டார்ட், லேன் மீறல், ரிலேயில் பேட்டன் மாற்றியதில் தவறு, நடத்தை சரியில்லை என்று தகுதி நீக்கம், இடமோ நேரமோ தவறாகப் பதிவானது. இன்னொன்று, பிள்ளைக்குப் போட்டியிடும் தகுதியே இல்லை என்பது: வயது, பள்ளி மாற்றம், செமஸ்டர் கணக்கு, மதிப்பெண், வெளிநாட்டு மாணவர் என்ற வகைப்பாடு.

முதல் வகைக்குக் கெடு நிமிடக் கணக்கில் ஓடும். இரண்டாவதற்கு நாள் கணக்கில். முறையிடும் இடம், எழுதும் தாள், கேட்கும் ஆள் எல்லாமே வேறு வேறு. இதைக் குழப்பிக்கொண்டு, சனிக்கிழமை மீட்டில் நடந்ததற்குத் திங்கட்கிழமை மாநிலச் சங்கத்துக்கு ஈமெயில் அனுப்பும் பெற்றோர்கள் நிறைய. அதற்குப் பெரும்பாலும் பலன் இருக்காது.

இன்னொரு குழப்பம், எந்த அமைப்பு என்பது. இண்டியானாபோலிஸில் இருக்கும் என்எஃப்எச்எஸ் என்ற தேசியக் கூட்டமைப்பு விதிப்புத்தகத்தை எழுதுகிறது. ஆனால் தனிப்பட்ட வழக்குகளை அது விசாரிப்பதில்லை. அங்கே எழுதி நாளைக் கடத்தாதீர்கள். முடிவெடுப்பது உங்கள் மாநிலத்தின் சங்கம்: டெக்சஸில் யூஐஎல், கலிபோர்னியாவில் சிஐஎஃப், நியூ ஜெர்சியில் என்ஜேஎஸ்ஐஏஏ, ஓஹையோவில் ஓஎச்எஸ்ஏஏ என்று மாநிலத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன் கையேட்டை இணையதளத்தில் இலவசமாகப் போட்டிருக்கும். இன்றைக்கே இறக்கி, தகுதி விதிகள், முறையீடு என்ற இரண்டு அத்தியாயங்களையும் படித்துவிடுங்கள். இந்த ஆண்டுக்கான பதிப்புதானா என்று முதல் பக்கத்தில் பாருங்கள். தேடலில் பழைய ஆண்டுக் கையேடு முதலில் வந்து நிற்கும்.

## 2. முறையிடுவது பள்ளி, நீங்கள் இல்லை

நமக்கு ஏற்றுக்கொள்ளக் கஷ்டமான விஷயம் இதுதான். மைதானத்தில் முறையிடும் உரிமை தலைமைக் கோச்சுக்கோ அவர் நியமித்தவருக்கோ மட்டும்தான். தகுதி விஷயத்திலும் பெரும்பாலான மாநிலங்களில் காகிதம் பிரின்சிபல் அல்லது அத்லெட்டிக் டைரக்டர் (பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளர்) வழியாகத்தான் போக வேண்டும். சங்கத்தின் உறுப்பினர் பள்ளிதான், பிள்ளையோ பெற்றோரோ இல்லை.

ஆகவே உங்கள் வேலை கோச்சையும் அத்லெட்டிக் டைரக்டரையும் சரியான காகிதத்தோடு, சரியான நேரத்தில் முறையிட வைப்பது. அவர்களுக்கு இருபது விளையாட்டு, நூற்றுக்கணக்கான பிள்ளைகள். நீங்கள் கோபமாக எழுதினால் உங்கள் ஈமெயிலை ஆறப் போடுவார்கள். தேவையான தாள்களை வரிசையாக அடுக்கி, கடிதத்தின் வரைவையும் சேர்த்து, கெடு தேதியை முதல் வரியில் எழுதி அனுப்பினால் அன்றே பார்ப்பார்கள்.

மீட்டில் ஒருபோதும் நீங்களாக இறங்கி நடுவரிடம் வாதாடாதீர்கள். அது முறையீடாகக் கணக்கில் வராது. நடத்தைப் புகாராகப் பிள்ளையின் டீம் மீதே திரும்பக்கூடும்.

## 3. மைதான முடிவு: எதை எதிர்க்கலாம், எதை முடியாது

நடுவர் கண்ணால் பார்த்துச் சொன்ன தீர்ப்பை எதிர்க்க முடியாது. விதியைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் எதிர்க்கலாம். என்எஃப்எச்எஸ் விதிகளின் சாரம் இவ்வளவுதான். ஸ்டார்ட் சரியாக நடந்ததா இல்லையா என்பதையும் முறையீட்டுக்கு அப்பாற்பட்டது என்று விதியே சொல்கிறது.

வளைவில் ஓடும்போது உள்பக்கக் கோட்டின் மேலோ அதைத் தாண்டியோ தொடர்ந்து மூன்று அடி அல்லது அதற்கு மேல் வைத்தால்தான் மீறல் என்கிறது ஹைஸ்கூல் விதி. ‘மூன்று அடி வைத்தார், நான் பார்த்தேன்’ என்று அம்பயர் எழுதினால் அதோடு முடிந்தது. ‘ஒரு அடி கோட்டை மிதித்தார், அதனால் நீக்கம்’ என்று எழுதியிருந்தால் அது விதியின் பிழையான பிரயோகம், முறையிட இடமுண்டு. அதேபோல 4x100 ரிலேயில் பேட்டன் மாற்றும் மண்டலம் 30 மீட்டர். மண்டலத்துக்கு வெளியே கைமாறியது என்று ஒருவர் பார்த்துச் சொன்னால் அது தீர்ப்பு. பழைய 20 மீட்டர் கணக்கை வைத்துச் சொன்னால் அது விதிப் பிழை.

அதனால்தான் கோச் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த விதி எண், என்ன பார்த்தீர்கள், எந்த இடத்தில்?’ என்பது. தகுதி நீக்கத்துக்கு அம்பயர் ஒரு சீட்டு எழுதுவார். அந்தச் சீட்டில் இருக்கும் வாசகத்தில்தான் உங்கள் முறையீடு நிற்கும் அல்லது விழும்.

நடத்தை தொடர்பான நீக்கங்கள் அநேகமாக மாறுவதில்லை. 2025-ல் கலிபோர்னியா மாநில இறுதிப்போட்டியில் பெண்கள் 400 மீட்டரில் முதலாவதாக வந்த மாணவி, ஓடுதளத்தை விட்டு விலகி, தீயணைப்பான் கொண்டு தன் ஷூவின் மேல் பீய்ச்சிக் கொண்டாடினார். விளையாட்டுணர்வுக்கு மாறான நடத்தை என்று பட்டத்தைப் பறித்தார்கள். ஊர் முழுக்கப் பேசியும் முடிவு மாறவில்லை. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

நடைமுறை இப்படிப் போகும். கோச் முதலில் மீட் ரெஃப்ரியிடம் எழுத்தில் முறையிடுவார். ரெஃப்ரியின் பதிலில் திருப்தி இல்லையென்றால், அந்த மீட்டில் முறையீட்டு ஜூரி நியமித்திருந்தால் அதனிடம் போகலாம். ஜூரி சொல்வது கடைசி. எவ்வளவு நேரத்துக்குள் என்பது மீட்டுக்கு முன் கோச்சுகளுக்கு அனுப்பும் குறிப்பில் இருக்கும். முடிவு அறிவித்து அரை மணி நேரம் என்று பல இடங்களில் வைக்கிறார்கள். அந்தக் குறிப்பின் ஒரு பிரதியைக் கோச்சிடம் கேட்டு ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோச் எழுதும் தாள் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நிகழ்ச்சியின் பெயர், ஹீட், லேன், பிள்ளையின் எண், நடுவர் சொன்ன காரணம், பொருந்தும் விதி எண், என்ன நிவாரணம் வேண்டும் என்பது மட்டும் போதும். ‘அநியாயம்’ போன்ற சொற்களால் பயன் ஒன்றும் இல்லை.

வீடியோ பற்றி ஒரு வார்த்தை. கேலரியிலிருந்து நீங்கள் எடுத்த வீடியோவைப் பொதுவாகப் பார்க்க மாட்டார்கள். மீட்டின் அதிகாரப்பூர்வ கேமரா, ஃபோட்டோ ஃபினிஷ் படம் ஆகியவைதான் கணக்கு. இடம் மாறிப் பதிவாகியிருக்கிறது என்று தோன்றினால், ஃபோட்டோ ஃபினிஷ் படத்தை மறுபடி படிக்கச் சொல்லிக் கோச் கேட்கட்டும்.

எழுத்துப் பிழை, டீம் புள்ளிக் கூட்டலில் பிழை ஆகியவற்றுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு. மீட் நடத்தும் குழு வேறு நேரம் அறிவிக்காவிட்டால், மீட் முடிந்து 48 மணி நேரம் வரை திருத்தலாம். அன்று ராத்திரியே அத்லெட்டிக் டாட் நெட்டிலோ மைல்ஸ்பிளிட்டிலோ முடிவுகளைத் திறந்து பெயர், நேரம், புள்ளி மூன்றையும் சரிபாருங்கள். மீட் நடத்தும் சாஃப்ட்வேரில் இரண்டு பிள்ளைகளின் பெயர் இடம் மாறி ஏறிவிடுவது நடக்கக் கூடியதுதான்.

தலையில் ஹிஜாப், தலைப்பாகை போன்றவை அணியும் பிள்ளையாக இருந்தால், மீட் நாள் வரை காத்திருக்காமல் சீசன் தொடங்கும்போதே கோச்சிடம் பேசி, மாநிலச் சங்கத்தின் தற்போதைய விதி வாசகத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் ஓஹையோவில் கிராஸ் கன்ட்ரி (திறந்த வெளி நெடுந்தூர ஓட்டம்) போட்டி ஒன்றில், முன் அனுமதிக் கடிதம் இல்லை என்பதற்காக ஹிஜாப் அணிந்து ஓடிய மாணவியைத் தகுதி நீக்கினார்கள். 2022-ல் அந்த மாநிலத்தில் சட்டமே மாறியது. இப்போது விதிகள் தளர்ந்திருக்கின்றன. ஆனால் களத்தில் நிற்கும் நடுவருக்குப் புதிய விதி தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

## 4. தகுதி விதிகள்: நம் பிள்ளைகள் மாட்டும் இடங்கள்

புதிதாக வருகிறவர்களுக்கு அதிகம் சிக்கல் தருவது இந்தப் பகுதிதான்.

எட்டு செமஸ்டர் கணக்கு. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகக் காலடி வைத்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள், அதாவது தொடர்ந்து எட்டு செமஸ்டர் மட்டுமே போட்டியிடலாம் என்பது பரவலான விதி. ஊரில் ஒன்பதாம் வகுப்பை ஜூனில் தொடங்கிய பிள்ளையை, இங்கே பள்ளியின் கவுன்சிலர் (படிப்பு ஆலோசகர்) கிரெடிட் போதவில்லை என்று மறுபடி ஒன்பதிலேயே போடுவதுண்டு. படிப்புக்கு அது நல்லதாகக்கூட இருக்கலாம். ஆனால் விளையாட்டுக் கடிகாரம் ஊரில் ஒன்பது தொடங்கியபோதே ஓட ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில், கல்லூரிக் கோச்சுகள் பார்க்கும் சீசனில், ‘உன் நேரம் முடிந்தது’ என்பார்கள். எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பேசும் முதல் சந்திப்பிலேயே இதைக் கேளுங்கள்.

வயது. பெரும்பாலும் 19 வயதுதான் வரம்பு, ஆனால் எந்தத் தேதியில் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சஸில் செப்டம்பர் 1 அன்று 19 நிறைந்திருக்கக் கூடாது. நம் பிறப்புச் சான்றிதழில் 05/08 என்று இருந்தால் அது ஆகஸ்ட் 5. இங்கே அதை மே 8 என்று படிப்பார்கள். வயது வரம்பை ஒட்டி நிற்கும் பிள்ளைக்கு இந்த மூன்று மாதம் ஒரு சீசனையே தின்றுவிடும். எல்லாக் கடிதத்திலும் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

பள்ளி மாற்றம். முழுக் குடும்பமும் வீடு மாறி, அதனால் பள்ளி மாறியிருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. சிக்கல் எப்போது என்றால், அப்பா இங்கே வேலையில், அம்மா இன்னும் கோயம்புத்தூரில். அல்லது பிள்ளை சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். ‘முழுக் குடும்பம்’ என்ற சொல்லுக்குச் சங்கம் கொடுக்கும் விளக்கத்தைக் கையேட்டில் தேடிப் படியுங்கள். விளையாட்டுக்காகவே மாறினார்கள் என்று முடிவெடுத்தால் தண்டனை கடுமை. டெக்சஸில் குறைந்தது ஓர் ஆண்டு வர்சிட்டி கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. புதுப் பள்ளிக் கோச்சுக்கு, சேருவதற்கு முன்பே ‘உங்களிடம் பயிற்சி பெறத்தான் வருகிறோம்’ என்று மரியாதைக்காக எழுதும் ஒரு வரி பின்னால் ஆதாரமாக வந்து நிற்கும். சேர்க்கை முடியும்வரை கோச்சிடம் பேசாதீர்கள், பள்ளி அலுவலகத்திடம் மட்டும் பேசுங்கள். இல்லாத முகவரியைக் காட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பொய்த் தகவல் கொடுத்தால் கலிபோர்னியாவில் 24 மாதம் வரை தடை விதிக்கலாம்.

வெளிநாட்டு மாணவர் என்ற கட்டம். ஜே-1 பரிமாற்ற மாணவர்களுக்கும் எஃப்-1 மாணவர்களுக்கும் தனி விதிகள் உண்டு. பெற்றோரோடு எச்-4, எல்-2 விசாவில் வந்து வாழும் பிள்ளை அந்த வகையில் வருவதில்லை. ஆனால் பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்பதைப் பார்த்ததும் அலுவலகத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிடுகிறார்கள். எங்கள் மகனுக்கு நடந்தது இதுதான். ஒரு டிக். அதைத் திருத்த ஒரே ஒரு கடிதமும் ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு), விசா ஒப்புதல் அறிவிப்பு ஆகியவற்றின் பிரதியும் போதுமாக இருந்தது. ஆனால் காரணம் அந்த டிக்தான் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ‘தகுதி இல்லை’ என்று மட்டுமே சொன்னார்கள். அதனால்தான் அடுத்த படியை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

மதிப்பெண்ணால் வரும் தடை வேறு ரகம். டெக்சஸில் ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் மூன்று வாரம் போட்டி இல்லை. இதற்குச் சங்கத்திடம் போய்ப் பயனில்லை. மதிப்பெண் பதிவில் தவறு இருந்தால் ஆசிரியரிடமும் கவுன்சிலரிடமும்தான் பேச வேண்டும்.

## 5. முடிவை எழுத்தில் வாங்குங்கள், கோப்பைப் பாருங்கள்

‘தகுதி இல்லை’ என்று வாயால் சொன்னால் அதோடு விடாதீர்கள். அன்றே அத்லெட்டிக் டைரக்டருக்கு ஒரு சின்ன ஈமெயில்: எந்த விதி எண்ணின் கீழ், எந்தத் தகவலை வைத்து, யார், எந்தத் தேதியில் முடிவெடுத்தார்கள், முறையீட்டுக்குக் கடைசி நாள் எது. ஐந்து கேள்விகள், ஒரே ஈமெயில். கெடு பெரும்பாலும் கடிதத் தேதியிலிருந்து ஓடும், நீங்கள் படித்த நாளிலிருந்து இல்லை. அது வேலை நாளா, காலண்டர் நாளா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே, பள்ளி சங்கத்துக்கு அனுப்பிய படிவங்களின் பிரதியையும் கேளுங்கள். பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு ஃபெர்பா என்ற கூட்டாட்சிச் சட்டத்தின்படி உண்டு. சட்டம் பள்ளிக்கு 45 நாள் வரை அவகாசம் தருகிறது. உங்களுக்கு அவ்வளவு நாள் கிடையாது. அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்டாமல், ‘முறையீட்டுக்கு வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்குமா?’ என்று பணிவாகக் கேளுங்கள். பள்ளி ஆபீஸில் நேரில் போய் நின்றால் சீக்கிரம் கிடைக்கும்.

## 6. ஆவணங்கள்

விமானம் ஏறும் முன்பே சேகரித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஏற்கெனவே வந்துவிட்டீர்கள் என்றால் ஊரில் ஒருவரை இதற்கென்று அனுப்ப வேண்டியிருக்கும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஊர்ப் பள்ளிகள் விடுமுறையில் இருக்கும். இங்கே டிராக் சீசன் உச்சத்தில் இருப்பதும் அதே நேரம்தான்.

- பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் முதல் பக்கம், ஐ-94, விசா ஒப்புதல் அறிவிப்பு.
- ஊர்ப் பள்ளியின் டிசி. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த தேதி தெளிவாக இருக்க வேண்டும். டிசியில் அது இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம் லெட்டர்ஹெட்டில் தனியாக ஒரு சான்று.
- எட்டாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல்கள்.
- வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திரம், மின்சாரக் கட்டணம், பழைய வீட்டைக் காலி செய்ததற்கான ஆதாரம்.
- பெற்றோர் ஒருவர் மட்டும் இங்கே இருந்தால் அதற்கான காரணத்தைச் சொல்லும், நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி. வேலை காரணம் என்றால் நிறுவனத்தின் கடிதம்.

இனி இனிஷியல் விவகாரம். டிசியில் ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கும், இங்கே பள்ளிப் பதிவில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறியிருக்கும். ஆவணங்களைப் பார்க்கும் குழுவுக்கு இது மூன்று வேறு பிள்ளைகள். ‘இந்த எல்லாப் பெயர்களும் ஒரே மாணவரைக் குறிக்கும்’ என்று ஒரு பக்க உறுதிமொழி எழுதி, எழுத்துக்கு எழுத்து எல்லா வடிவங்களையும் பட்டியலிட்டு, நோட்டரி கையெழுத்து வாங்கி, கோப்பின் முதல் தாளாக வையுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் தாள்களுக்கு மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் ஏற்கும்படி அரசு தரும் சான்று) கேட்காதவரை அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

## 7. முறையீட்டுக் கடிதம்

சங்கத்தின் படிவம் இருந்தால் அதையே நிரப்புங்கள். கூட வைக்கும் கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பத்தியில் என்ன கேட்கிறீர்கள் என்பது. அடுத்து நடந்தவை, தேதி வரிசையில். பிறகு விதியின் வாசகம், அந்த வாசகத்துக்கு உங்கள் சூழ்நிலை எப்படிப் பொருந்துகிறது என்பது. ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் இணைப்பு எண்.

இரண்டு வழி இருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ‘விதியைத் தவறாகப் பொருத்திவிட்டீர்கள்’ என்பது ஒன்று. ‘விதி சரிதான், எங்கள் சூழ்நிலைக்கு விலக்கு கொடுங்கள்’ என்பது இன்னொன்று. விலக்குக்கு ‘ஹார்ட்ஷிப்’ என்று பெயர்: முன்கூட்டி அறிய முடியாத, நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்று நடந்திருக்க வேண்டும். வேலை போனது, குடும்பத்தில் மரணம், நோய் போன்றவை. பிள்ளை நன்றாக ஓடுவான், கல்லூரி உதவித்தொகை கிடைக்கும் என்பதெல்லாம் ஹார்ட்ஷிப் ஆகாது. அதை எழுதினால் விளையாட்டுக்காகத்தான் மாறினார்கள் என்ற சந்தேகம்தான் வலுக்கும்.

## 8. விசாரணை

டெக்சஸில் முதலில் மாவட்டச் செயற்குழு, அதன்மேல் மாநிலச் செயற்குழு. வயது போன்றவற்றை விட்டு, நான்கு ஆண்டு விதிக்கும் பெற்றோர் வசிப்பிட விதிக்கும் விலக்குக் கேட்கத் தனி வழி இருக்கிறது. கலிபோர்னியாவில் முதல் முடிவு சங்கத்தின் பத்து வட்டாரப் பிரிவுகளில் உங்களுடையது எதுவோ அதனிடம், பிறகு மாநில அளவில் முறையீடு. நியூ ஜெர்சியில் சங்கத்தின் குழுவைத் தாண்டி மாநிலக் கல்வி ஆணையர் வரை போகலாம்.

விசாரணை நேரிலோ வீடியோவிலோ நடக்கும். பேசுவதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பிரின்சிபல் ஆதரவாக ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு நல்ல எடை உண்டு, அவரை வரச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையிடமும் கேள்வி கேட்பார்கள். ‘ஏன் இந்தப் பள்ளி?’ என்று கேட்டால் உண்மையைத் தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். மனப்பாடம் செய்து வைத்தால் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் தடுமாறுவோம் என்று நினைத்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

## 9. செலவும் காலமும்

மைதான முறையீட்டுக்குப் பொதுவாகச் செலவு இல்லை. தகுதி முறையீட்டுக்குச் சில சங்கங்கள் கட்டணம் வைத்திருக்கின்றன. அதைப் பள்ளி கட்டுமா நீங்கள் கட்டுவதா என்று கேளுங்கள். நோட்டரி வேலையை உங்கள் வங்கியிலேயே இலவசமாகச் செய்துகொடுக்கக்கூடும். ஊர்ச் சான்றிதழ்களை வெளி நிறுவனத்தில் மதிப்பீடு செய்ய நூறு டாலருக்கு மேல் ஆகும். பள்ளி எழுத்தில் கேட்டால் ஒழிய அதற்குப் போகாதீர்கள்.

காலம்தான் உண்மையான விலை. வெளிப்புற சீசன் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கி, மாநில இறுதி பெரும்பாலும் மே மாதமோ ஜூனிலோ முடிந்துவிடும். மாவட்டம், பிராந்தியம், மாநிலம் என்று சுற்றுகளுக்கு இடையே ஒன்றிரண்டு வாரம்தான். குழு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது என்றால் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டாலே சீசன் போயிற்று. ஆகவே குழு கூடும் தேதிகளை முதலில் கண்டுபிடித்து, அதிலிருந்து பின்னோக்கி நாட்களை எண்ணுங்கள். புதிதாக வந்திருக்கும் பிள்ளை என்றால் ஆகஸ்டிலேயே தகுதிப் படிவத்தைப் போடச் சொல்லுங்கள். மார்ச் வரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

## 10. கோர்ட்டுக்குப் போகலாமா?

பெரும்பாலும் வேண்டாம் என்பேன். கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடும் கட்டணம் மட்டும் 405 டாலர். வக்கீல் மணிக்குப் பல நூறு டாலர் கேட்பார். களத்தில் நடுவர் சொன்னதை நீதிமன்றம் தொடாது: நடுவரின் முடிவை மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் தனக்கில்லை என்று ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 1981-லேயே ஒரு அமெரிக்கக் கால்பந்து வழக்கில் சொல்லிவிட்டது. பள்ளி விளையாட்டில் பங்கேற்பது அரசியலமைப்பு தரும் உரிமை இல்லை என்பதுதான் பெரும்பாலான நீதிமன்றங்களின் நிலை.

வென்றாலும் ஒரு ஆபத்து உண்டு. சங்கத்தின் முடிவுக்குத் தடை உத்தரவு வாங்கிப் பிள்ளை ஓடி, பிறகு மேல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தால், பிள்ளை ஓடிய போட்டிகளின் புள்ளிகளையும் பட்டங்களையும் டீமிடமிருந்து பறிக்கலாம் என்று பல சங்கங்களின் விதி சொல்கிறது. மிச்சிகனில் கற்றல் குறைபாட்டால் தாமதமாகப் படித்து 19 வயதான இரண்டு மாணவர்கள், கிராஸ் கன்ட்ரியிலும் டிராக்கிலும் ஓட நீதிமன்ற உத்தரவு வாங்கினார்கள். 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் சீசன் எப்போதோ முடிந்திருந்தது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் விஷயம் வேறு. அங்கே சட்டம் உங்கள் பக்கம் வலுவாக நிற்கக்கூடும். மேரிலாந்தில் டட்யானா மெக்ஃபேடன் ஹைஸ்கூல் மாணவியாக இருந்தபோது, சக்கர நாற்காலியில் மற்றவர்களோடு அதே நேரத்தில் தடத்தில் இறங்கக் கேட்டு 2006-ல் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அனுமதித்தது. 2008-ல் மேரிலாந்து அதற்காகவே ஒரு சட்டம் இயற்றியது. உங்கள் பிள்ளையின் சிக்கல் இந்த வகை என்றால் தயங்காமல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் போங்கள். கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

## 11. காத்திருக்கும் நாட்களில்

முறையீடு நிலுவையில் இருக்கும்போது ‘ஓடட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். தகுதியில்லாதவர் ஓடியது எப்போது தெரியவந்தாலும் முடிவைத் திருத்தலாம், அதற்கு 48 மணி நேர வரம்பு இல்லை. ரிலேயில் ஓடியிருந்தால் மற்ற மூன்று பிள்ளைகளின் உழைப்பும் போகும்.

பயிற்சியில் கலந்துகொள்ளப் பெரும்பாலும் தடை இருக்காது. ஜேவி (வர்சிட்டிக்கு அடுத்த அணி) அளவில் ஓட அனுமதி உண்டா என்று கேளுங்கள். பள்ளிக்கு வெளியே யூஎஸ்ஏடிஎஃப், ஏஏயூ ஆகிய தேசிய விளையாட்டு அமைப்புகளின் கிளப் போட்டிகள் இருக்கின்றன. அவை மாநிலச் சங்கத்தின் கீழ் வராதவை, பிள்ளையின் நேரங்கள் பதிவாகவும் உதவும். ஆனால் பள்ளி சீசன் நடக்கும்போது வெளிப் போட்டியில் ஓடக் கூடாது என்று சில மாநிலங்களில் விதி உண்டு. முதலில் அத்லெட்டிக் டைரக்டரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

## 12. சாதகமான முடிவு வந்ததும்

கடிதத்தின் பிரதியைக் கோச், அத்லெட்டிக் டைரக்டர், நீங்கள் மூவரும் வைத்திருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து தகுதி, எந்த விளையாட்டுகளுக்கு, இந்த ஆண்டு மட்டுமா என்று வரி வரியாகப் படியுங்கள். டிராக்குக்குக் கிடைத்த அனுமதி கிராஸ் கன்ட்ரிக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம் உடனே, அடுத்த மீட்டின் என்ட்ரி கெடு எப்போது என்று பாருங்கள். ஆன்லைன் பட்டியலில் பிள்ளையின் பெயர் ‘தகுதியற்றவர்’ என்ற குறியோடு இன்னும் நிற்கலாம். கடிதம் வந்த பிறகும் பள்ளியின் பட்டியலைக் கையால் திருத்தினால்தான் கோச்சால் பெயரைச் சேர்க்க முடியும். கோச்சுக்கு ஃபோன் செய்து, என்ட்ரி போட்டதற்கான உறுதிப்பாட்டின் ஸ்கிரீன்ஷாட்டை அன்றே அனுப்பச் சொல்லுங்கள்.